இன்ஹெரிட் ஆன மெம்பரை மறைக்கிறது எப்படி: சி ஷார்ப்ல நியூ கீவேர்ட் என்ன செய்யும், என்ன செய்யாது

ஒரு கிளாஸ்ல இருந்து இன்ஹெரிட் பண்ணியாச்சு, அதாவது அதுல இருக்குறதெல்லாம் நம்ம கிளாஸுக்கும் வந்தாச்சு, ஆனா அதுல இருக்குற ஒண்ணு ரெண்டு மெத்தட் மட்டும் நம்ம கிளாஸ்ல வெளிய தெரியக்கூடாது, இல்லன்னா வேற மாதிரி வேலை செய்யணும். சி ஷார்ப் எழுதுற எல்லாருக்கும் ஏதோ ஒரு கட்டத்துல இந்தத் தேவை வரும். கேட்டா நியூன்னு ஒரு கீவேர்ட் போடு சரியாகிடும்னு சொல்லுவாங்க, போட்டதும் கம்பைலர் வார்னிங்கும் போயிடும், அதோட விஷயம் முடிஞ்சுதுன்னு அடுத்த வேலைக்குப் போயிடுறோம். ஆனா அந்த நியூ பழைய மெத்தடை எங்கயும் எடுத்துடல. அது ஆப்ஜெக்ட்டுக்குள்ள அப்படியேதான் இருக்கு, வேற டைப் வேரியபிள் வழியா வந்தா யார் வேணா கூப்பிடலாம். இது தெரியாம எழுதுற கோடு டெஸ்ட்ல பாஸ் ஆகும், அப்புறம் என்னைக்கோ ஒருநாள் கஸ்டமர் டேட்டாவுல தப்பு தெரியும். அதனால இதை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரே உதாரணத்தை வெச்சு நிதானமாப் பார்ப்போம்.

கோடை எல்லாம் வாயால சொல்ற மாதிரி தமிழ் எழுத்துலயே எழுதியிருக்கேன், நீங்க எடிட்டர்ல அடிக்கும்போது வழக்கம்போல அடிச்சுக்கோங்க. படிச்சுட்டு மட்டும் போகாம ஒரு கன்சோல் ப்ராஜெக்ட் திறந்து கூடவே போட்டுப் பாருங்க, அப்பதான் மனசுல நிக்கும்.

படி 1: நமக்கு என்ன வேணும்னு முதல்ல தெளிவாக்கிக்கணும்

"மறைக்கணும்"னு சொல்றப்ப ஆளாளுக்கு மூணு வேற வேற விஷயத்தைச் சொல்றாங்க. ஒருத்தருக்கு பேஸ் கிளாஸ் (நாம இன்ஹெரிட் பண்ற மூல கிளாஸ்) மெத்தட் செய்யுற வேலையை மாத்தணும். இன்னொருத்தருக்கு அதே வேலைதான், ஆனா திரும்ப வர்ற டைப் இன்னும் குறிப்பா இருக்கணும். மூணாவது ஆளுக்கு அந்த மெத்தடை யாரும் தொடவே கூடாது. முதல் ஆளுக்கு வேண்டியது ஓவர்ரைடு, அதாவது எந்த டைப் வேரியபிள் வழியா கூப்பிட்டாலும் நம்ம மெத்தடே ஓடுற மாதிரி பழையதை மாத்துறது. ரெண்டாவது ஆளுக்குத்தான் நியூ உண்மையிலேயே பொருந்தும். மூணாவது ஆளுக்கு இன்ஹெரிடன்ஸே பொருந்தாது, ஆனா நியூவைத் தேடிக்கிட்டு வர்றவங்கள்ல நிறைய பேர் இந்த மூணாவது வகைதான்.

நம்ம உதாரணம் இதுதான். எஸ்எம்எஸ் அனுப்ப ஃபோன் நம்பர் பட்டியல் ஒண்ணு வேணும், ஒரே நம்பர் ரெண்டு தடவை உள்ள வரக்கூடாது, வந்தா அந்த ஆளுக்கு ரெண்டு மெசேஜ் போயிடும். டாட்நெட்ல லிஸ்ட்னு ஒரு கிளாஸ் ஏற்கனவே இருக்கே, அதுலயே இன்ஹெரிட் பண்ணி ஆட் மெத்தடை மட்டும் மாத்திக்கலாம்னு யோசனை வருது. இயல்பான யோசனைதான்.

படி 2: எழுதிப் பாருங்க, கம்பைலர் சொல்றதைக் கவனிங்க

கிளாஸ் நம்பர்பட்டியல், பேஸ் கிளாஸ் லிஸ்ட்<ஸ்ட்ரிங்>. உள்ள பப்ளிக் வாய்ட் ஆட், ஒரு ஸ்ட்ரிங் பாராமீட்டர். அந்த நம்பர் ஏற்கனவே இருக்கான்னு கன்டெய்ன்ஸ் வெச்சுப் பாருங்க, இல்லன்னா மட்டும் பேஸ் டாட் ஆட் கூப்பிடுங்க. அவ்வளவுதான் கிளாஸ்.

பில்ட் பண்ணா சிஎஸ்0108ன்னு ஒரு வார்னிங் வரும். உங்க ஆட் மேல இருந்து வந்த ஆட்டை மறைக்குது, வேணும்னேதான் செஞ்சீங்கன்னா நியூ போடுங்கன்னு அது சொல்லும். சரி, மறைக்க வேண்டாம், முறையா மாத்திடுவோம்னு ஓவர்ரைடு போட்டீங்கன்னா சிஎஸ்0506ன்னு எரரே வரும், ஏன்னா லிஸ்ட்ல இருக்குற ஆட் வர்ச்சுவல் இல்ல, அதாவது மாத்திக்கலாம்னு பேஸ் கிளாஸ் அனுமதி கொடுத்த மெத்தட் இல்ல. வர்ச்சுவல், ஆப்ஸ்ட்ராக்ட் (பாடி இல்லாம அறிவிப்பு மட்டும் உள்ளது), இல்ல ஏற்கனவே ஓவர்ரைடு ஆனது, இந்த மூணுல ஒண்ணா இருந்தாத்தான் நீங்க ஓவர்ரைடு பண்ண முடியும்.

பேஸ்ல வர்ச்சுவலா இருந்து நீங்க ஓவர்ரைடு போட மறந்துட்டீங்கன்னா வர்றது வேற வார்னிங், சிஎஸ்0114. அது ரெண்டு வழியும் சொல்லும், ஓவர்ரைடு போடு, இல்ல நியூ போடுன்னு. இந்த ரெண்டாவது வார்னிங் வந்தா தொண்ணூறு சதவீதம் நீங்க மறந்துபோனதுதான், அதனால நியூவை நோக்கிக் கை போறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நின்னு யோசிங்க.

இங்க ஒண்ணை அழுத்திச் சொல்லணும். நியூ போட்டாலும் போடலன்னாலும் ஓடுறப்ப நடக்குறது ஒண்ணேதான். ரெண்டுலயும் மறைப்புதான் நடக்குது. நியூங்கிறது "ஆமா, தெரிஞ்சுதான் செய்றேன்"னு நீங்க கம்பைலருக்குப் போடுற கையெழுத்து, வேற எந்த சக்தியும் அதுக்குக் கிடையாது. மறைக்க ஒண்ணுமே இல்லாத இடத்துல போட்டா சிஎஸ்0109ன்னு அதுக்கும் ஒரு வார்னிங் வரும்.

படி 3: ஒரே ஆப்ஜெக்ட்டை மூணு வேரியபிள்ல வெச்சுக் கூப்பிடுங்க

இதுதான் இந்த வழிகாட்டியோட நடு மையம், தயவுசெஞ்சு இதை மட்டுமாவது போட்டுப் பாருங்க.

நம்பர்பட்டியல் ஆப்ஜெக்ட் ஒண்ணு புதுசா உருவாக்கி "ப"ன்னு ஒரு வேரியபிள்ல வையுங்க, வேரியபிளோட டைப் நம்பர்பட்டியல். அதே ஆப்ஜெக்ட்டை "லி"ன்னு இன்னொரு வேரியபிள்ல போடுங்க, அதோட டைப் லிஸ்ட்<ஸ்ட்ரிங்>. மூணாவதா "ஐ"ன்னு ஒண்ணு, டைப் ஐலிஸ்ட்<ஸ்ட்ரிங்> இன்டர்ஃபேஸ் (என்னென்ன மெத்தட் இருக்கணும்னு சொல்ற ஒப்பந்தம்). இப்ப மூணு வழியாவும் ஒரே நம்பரை ஆட் பண்ணுங்க, அப்புறம் ப டாட் கவுன்ட் பிரின்ட் பண்ணுங்க.

ஒண்ணுன்னு வரணும்னு நினைப்போம். வர்றது 3.

ப வழியா போன கால் உங்க ஆட்டுக்கு வந்துச்சு, செக் நடந்துச்சு. லி வழியா போனது நேரா லிஸ்ட்டோட ஆட்டுக்குப் போயிடுச்சு, ஏன்னா வர்ச்சுவல் இல்லாத மெத்தடுக்கு எது ஓடணும்னு கம்பைல் பண்றப்பவே முடிவாகிடும், அதுவும் வேரியபிளோட டைப்பைப் பார்த்துதான், உள்ள இருக்குற ஆப்ஜெக்ட் என்னன்னு யாரும் பார்க்குறதில்ல. ஐ வழியா போனதும் லிஸ்ட்டோட ஆட்டுக்குத்தான் போச்சு, இன்டர்ஃபேஸை இம்ப்ளிமென்ட் பண்ணினது லிஸ்ட்தானே, நீங்க இல்லையே.

இந்த மூணாவதுக்கு மட்டும் ஒரு சின்ன வழி இருக்கு. கிளாஸ் டிக்ளரேஷன்ல பேஸ் கிளாஸுக்குப் பக்கத்துல கமா போட்டு ஐலிஸ்ட்<ஸ்ட்ரிங்>ஐயும் மறுபடி எழுதினா, இன்டர்ஃபேஸை நீங்க மறு இம்ப்ளிமென்ட் பண்றதாக் கணக்கு, அப்ப இன்டர்ஃபேஸ் வழியா வர்ற கால் உங்க ஆட்டுக்கே வந்துடும். போட்டுப் பாருங்க, 3 இப்ப 2 ஆகும். ஆனா லிஸ்ட் டைப் வேரியபிள் வழியா வர்றதை இதாலயும் தடுக்க முடியாது.

ஆட் மட்டும்தானா? ஆட்ரேஞ்ச், இன்சர்ட், இன்சர்ட்ரேஞ்ச், இன்டெக்ஸ் போட்டு நேரா வேல்யூ வைக்கிறதுன்னு உள்ள நுழைய இன்னும் வழி இருக்கு, அதுல எதுவும் உங்க ஆட்டைக் கூப்பிடாது. முன்வாசலைப் பூட்டிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து போட்ட கதைதான். ஒவ்வொண்ணுக்கும் நியூ போட்டு எழுதிக்கிட்டே போனாலும் நாளைக்கு டாட்நெட் புது வெர்ஷன்ல லிஸ்ட்டுக்குப் புதுசா ஒரு மெத்தட் வந்தா அதுவும் உங்க கிளாஸ்ல தானா வந்து நிக்கும்.

படி 4: பிரைவேட் நியூ போட்டா மறைஞ்சிடுமா

மறையாது. இதைத்தான் நிறைய பேர் முயற்சி பண்றாங்க, பார்க்கவும் சரியாத்தான் தெரியும். பிரைவேட் நியூ வாய்ட் ஆட்னு எழுதினா, பப்ளிக்கா இருந்த ஆட் இனி பிரைவேட், வெளிய இருந்து கூப்பிட்டா எரர் வரும்னு எதிர்பார்ப்போம்.

நடக்குறது நேர்மாறு. வெளிய இருந்து ப டாட் ஆட்னு எழுதினா கம்பைலர் தேடும், நம்பர்பட்டியல்ல ஒரு ஆட் இருக்கு, ஆனா அது பிரைவேட், வெளிய இருக்குறவங்க தொடுற தூரத்துல இல்ல, அதனால அதைக் கணக்குலயே எடுத்துக்காம மேல ஏறி லிஸ்ட்டோட ஆட்டைக் கண்டுபிடிச்சு அதையே கட்டிவிடும். எரரும் இல்ல, வார்னிங்கும் இல்ல. உங்க செக் இருந்த ஆட் கிளாஸுக்குள்ள மட்டும் வேலை செய்யும், வெளிய இருக்குற எல்லாரும் செக் இல்லாத ஆட்டைத்தான் கூப்பிடுவாங்க. முன்னாடி இருந்ததைவிட இது மோசம். மறைப்புங்கிறது அந்த மெத்தட் கண்ணுக்குத் தெரியுற எல்லைக்குள்ள மட்டும்தான், லாங்குவேஜ் ஸ்பெசிஃபிகேஷன்லயே இப்படித்தான் வெச்சிருக்காங்க.

ஓவர்ரைடுலயும் ஆக்சஸைக் குறைக்க முடியாது, பப்ளிக்கை ப்ரொடெக்டெட்னு மாத்தினா சிஎஸ்0507 எரர் வரும். ஜாவாவும் இதே கண்டிப்புதான். காரணம் நியாயமானது. பேஸ் கிளாஸ் எங்க எதிர்பார்க்கப்படுதோ அங்க சைல்டு கிளாஸைக் கொடுக்கலாம்ங்கிறதுதான் இன்ஹெரிடன்ஸோட வாக்குறுதி, கம்ப்யூட்டர் விஞ்ஞானி பார்பரா லிஸ்கோவ் 1987ல பேசினதும் இதைத்தான், இன்னைக்கு அவங்க பேர்லயே அந்தக் கொள்கை இருக்கு. பேஸ்ல இருக்குற பப்ளிக் மெத்தடை சைல்டுல பிடுங்கிட்டா அந்த வாக்குறுதி உடைஞ்சிடும்.

படி 5: தடுக்கவே வேணும்னா கையில இருக்குற அரைகுறை வழிகள்

பேஸ் கிளாஸை மாத்தவே முடியாது, ஃப்ரேம்வொர்க் அதுலதான் இன்ஹெரிட் பண்ணச் சொல்லுது, அப்படி ஒரு நிலைமை வரும். அப்ப இந்த வழிகள் இருக்கு, ஆனா இது எல்லாமே ஒப்புக்குத் தடுக்குறதுதான்னு தெரிஞ்சுக்கிட்டே பயன்படுத்துங்க.

நியூ போட்டு மறைச்ச மெத்தட் மேல ஆப்சலீட் ஆட்ரிபியூட் வையுங்க, முதல் ஆர்க்யூமென்ட்ல இதுக்குப் பதிலா எதைக் கூப்பிடணும்னு தெளிவா ஒரு வரி, ரெண்டாவது ஆர்க்யூமென்ட் ட்ரூ. இப்ப உங்க டைப் வழியா யாராவது கூப்பிட்டா சிஎஸ்0619ன்னு கம்பைல் எரரே வரும். இருக்குறதுல எனக்குப் பிடிச்சது இதுதான், ஏன்னா தப்பு நடந்தா அங்கயே நிக்குது, ஓடுற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல. மெத்தட் பாடியில நாட்சப்போர்ட்டட்எக்செப்ஷன் போட்டு வையுங்க.

எடிட்டர்ப்ரௌசபிள் ஆட்ரிபியூட்ல நெவர் கொடுத்தா இன்டெலிசென்ஸ் லிஸ்ட்ல, அதாவது எடிட்டர் காட்டுற பரிந்துரைப் பட்டியல்ல, அந்தப் பேர் வராது, ஆனா கையால அடிச்சா கம்பைல் ஆகும். விண்டோஸ் ஃபார்ம்ஸ்ல இது நிறைய இடத்துல இருக்கு. பிக்சர்பாக்ஸை எடுத்துக்கோங்க, அது கண்ட்ரோல் கிளாஸ்ல இருந்து வர்றதால டெக்ஸ்ட், டேப்இன்டெக்ஸ் எல்லாம் கூடவே வந்துடுது, படம் காட்டுற பெட்டிக்கு அது எதுக்கு? டெக்ஸ்ட் வர்ச்சுவல், அதனால அதை ஓவர்ரைடு பண்ணி, டேப்இன்டெக்ஸ் வர்ச்சுவல் இல்ல, அதனால அதை நியூ போட்டு, ரெண்டுக்கும் மேல ப்ரௌசபிள் ஃபால்ஸும் எடிட்டர்ப்ரௌசபிள் நெவரும் வெச்சிருக்காங்க. டிசைனர்லயும் இன்டெலிசென்ஸ்லயும் கண்ணுல படாது, ஆனா இருக்கும். மைக்ரோசாஃப்ட்டாலயே இதுக்கு மேல போக முடியலன்னா வழி அவ்வளவுதான்னு புரிஞ்சுக்கலாம்.

படி 6: நம்ம பட்டியலைச் சரியா எழுதுறது

நேரான வழி ரெண்டு இருக்கு.

முதல் வழி, லிஸ்ட்டுக்குப் பதிலா கலெக்‌ஷன்<ஸ்ட்ரிங்>ல இன்ஹெரிட் பண்ணுங்க, சிஸ்டம் டாட் கலெக்‌ஷன்ஸ் டாட் ஆப்ஜெக்ட்மாடல் நேம்ஸ்பேஸ்ல இருக்கு. இது இன்ஹெரிட் பண்றதுக்குன்னே எழுதின கிளாஸ். இதுலயும் ஆட் வர்ச்சுவல் இல்ல, ஆனா ஆட், இன்சர்ட் ரெண்டுமே உள்ள இன்சர்ட்ஐட்டம்னு ஒரு ப்ரொடெக்டெட் வர்ச்சுவல் மெத்தடைத்தான் கூப்பிடும், இன்டெக்ஸ் போட்டு வேல்யூ வெச்சா செட்ஐட்டம் கூப்பிடும். இந்த ரெண்டை மட்டும் ஓவர்ரைடு பண்ணி செக் போட்டுட்டீங்கன்னா எந்த டைப் வேரியபிள் வழியா வந்தாலும், ஐலிஸ்ட் வழியா வந்தாலும், செக்கைத் தாண்டிப் போக முடியாது. படி 3ல போட்ட டெஸ்ட்டை லிஸ்ட்டுக்குப் பதிலா கலெக்‌ஷன் டைப் வேரியபிள் வெச்சு மறுபடி ஓட்டுங்க, கவுன்ட் 1 வரும். செட்ஐட்டம்ல மட்டும் கவனமா இருங்க, அதே இடத்துல அதே நம்பரைத் திரும்ப வைக்கிறது டூப்ளிகேட் இல்ல, அதை விட்டுடணும்.

ரெண்டாவது வழி, இன்ஹெரிட்டே பண்ணாதீங்க. நம்பர்பட்டியல்னு ஒரு சாதா கிளாஸ், உள்ள பிரைவேட்டா ஒரு லிஸ்ட்டும், ஒரே வேல்யூவை ரெண்டு தடவை ஏத்துக்காத ஒரு ஹேஷ்செட்டும். வெளிய சேர், நீக்கு, எண்ணிக்கைன்னு உங்களுக்கு வேண்டிய மூணு நாலு மெத்தட் மட்டும். சேர் மெத்தட் முதல்ல ஹேஷ்செட்டோட ஆட்டைக் கூப்பிடும், அது ஃபால்ஸ் கொடுத்தா ஏற்கனவே இருக்குன்னு அர்த்தம், திரும்பிடலாம். ட்ரூன்னா லிஸ்ட்லயும் சேர்க்கலாம். நீக்கும்போது ரெண்டுல இருந்தும் எடுக்கணும், இதைத்தான் மறந்துடுவோம். ஃபார்ஈச்ல ஓட்டணும்னா ஐஇன்யூமரபிள் மட்டும் இம்ப்ளிமென்ட் பண்ணுங்க. உள்ள இருக்குற லிஸ்ட்டை அப்படியே ப்ராப்பர்ட்டியா வெளிய கொடுத்துடாதீங்க, கொடுத்தா எடுத்த முயற்சியெல்லாம் வீண்.

மறைக்க வேண்டியது எதுவுமே இல்லாத நிலைமைதான் நல்ல டிசைன்னு நான் உறுதியா நம்புறேன், அதனால பத்துக்கு எட்டு தடவை நான் ரெண்டாவது வழிதான் போவேன். இன்ஹெரிட் பண்ணாம இருந்தா எழுத வேண்டியது கொஞ்சம் கூடும், அது உண்மை. ஆனா ஜாவாவைப் பாருங்க, ஸ்டாக் கிளாஸை வெக்டர்ல இருந்து இன்ஹெரிட் பண்ணிட்டாங்க, அதனால மேல வைக்கிறது மேல இருந்து எடுக்குறது மட்டும் இருக்க வேண்டிய ஒரு ஸ்டாக்குல இன்னைக்கும் இன்சர்ட்எலிமென்ட்அட் கூப்பிட்டு நடுவுல சொருகலாம். ப்ராப்பர்ட்டீஸ் கிளாஸ் ஹேஷ்டேபிள்ல இருந்து வருது, ஸ்ட்ரிங் மட்டும் போக வேண்டிய இடத்துல புட் வழியா எந்த ஆப்ஜெக்ட்டை வேணா வைக்கலாம், அப்படிச் செய்யாதீங்கன்னு டாக்குமென்டேஷன்லயே எச்சரிக்கை எழுதி வெச்சிருக்காங்க. ஜாவாவோட முதல் வெர்ஷன்ல எடுத்த முடிவு, பழைய கோடு உடைஞ்சிடும்னு இன்னைக்கு வரைக்கும் மாத்த முடியல.

அப்ப நியூ எங்கதான் சரி

ரெண்டு இடம் இருக்கு. முதலாவது, டைப்பைக் குறிப்பாக்குறது. டேட்டாபேஸ் கோடு எழுதினவங்களுக்கு எஸ்க்யூஎல்கமாண்ட் தெரியும். அதோட பேஸ் டிபிகமாண்ட். டிபிகமாண்ட்ல எக்சிக்யூட்ரீடர் கூப்பிட்டா டிபிடேட்டாரீடர் வரும், எஸ்க்யூஎல்கமாண்ட்ல அதே பேரை நியூ போட்டு மறைச்சு எஸ்க்யூஎல்டேட்டாரீடர் வர்ற மாதிரி செஞ்சிருக்காங்க. கனெக்‌ஷன், பாராமீட்டர்ஸ் ப்ராப்பர்ட்டியும் அப்படித்தான். இது ஏன் ஆபத்தில்லன்னு பாருங்க, டிபிகமாண்டோட எக்சிக்யூட்ரீடர் தனியா எந்த வேலையும் செய்யாது, உள்ள ஒரு ப்ரொடெக்டெட் ஆப்ஸ்ட்ராக்ட் மெத்தடைக் கூப்பிடும், அதை எஸ்க்யூஎல்கமாண்ட் ஓவர்ரைடு பண்ணியிருக்கு. அதனால எந்த வழியா வந்தாலும் கிடைக்கிறது அதே ரீடர்தான், வேரியபிளோட டைப் மட்டும்தான் வேற. 2020ல வந்த சி ஷார்ப் 9க்கு அப்புறம் ஓவர்ரைடுலயே ரிட்டர்ன் டைப்பைக் குறிப்பா கொடுக்கலாம்ங்கிறதால புதுசா எழுதுற கோடுல இதுக்கும் தேவை குறைஞ்சிடுச்சு.

ரெண்டாவது, வெர்ஷன் மோதல். வேற யாரோ எழுதின லைப்ரரியில இன்ஹெரிட் பண்ணி நீங்க க்ளோஸ்னு ஒரு மெத்தட் சேர்த்திருக்கீங்க, அடுத்த வெர்ஷன்ல அவங்களும் க்ளோஸ்னே ஒண்ணு கொண்டு வந்துட்டாங்க. எல்லா மெத்தடும் தானாவே வர்ச்சுவலா இருக்குற ஜாவாவுல, சிக்னேச்சரும் (பேரும் பாராமீட்டர் டைப்களும்) ஒத்துப்போயிட்டா உங்க க்ளோஸ் அவங்களோடதை ஓவர்ரைடு பண்ணிடும், லைப்ரரி தன்னோட க்ளோஸைக் கூப்பிடுறதா நினைச்சு உங்களோடதைக் கூப்பிடும். சி ஷார்ப்ல அப்படி ஆகாது, வார்னிங் மட்டும் வரும், பழைய கோடு பழைய மாதிரியே ஓடும், நீங்க நேரம் கிடைக்கும்போது நியூ போடலாம் இல்ல பேரை மாத்தலாம். சி ஷார்ப்பை வடிவமைச்ச ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க் மெத்தட்கள் தானா வர்ச்சுவலா இருக்கக்கூடாதுன்னு முடிவெடுத்ததுக்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். நியூங்கிற கீவேர்ட் பிறந்ததே இந்தப் பிரச்சனைக்குத்தான்.

நியூ வர்ச்சுவல்னு சேர்த்தும் எழுதலாம். அப்ப அந்தக் கிளாஸ்ல இருந்து ஒரு புது சங்கிலி ஆரம்பிக்கும், பேரப்பிள்ளை கிளாஸ் ஓவர்ரைடு பண்ணா அது இந்தப் புது சங்கிலியோடதான் சேரும், பாட்டன் டைப் வேரியபிள் வழியா கூப்பிட்டா பழைய சங்கிலியில கடைசியா இருக்குறது ஓடும். படிக்கிறவங்களுக்குக் கஷ்டம், அவசியம் இல்லன்னா வேண்டாம்.

மத்த லாங்குவேஜ்ல

ஜாவாவுல இன்ஸ்டன்ஸ் மெத்தட் மறையாது, ஓவர்ரைடுதான் ஆகும். ஆனா ஃபீல்டும் ஸ்டாட்டிக் மெத்தடும் மறையும், அங்கயும் வேரியபிளோட டைப்தான் தீர்மானிக்கும், இதுக்கு ஜாவா கம்பைலர் வாயே திறக்காது. சி ப்ளஸ் ப்ளஸ்ல இன்னும் கடுமை, சைல்டுல அதே பேர்ல ஒரு ஃபங்ஷன் எழுதினா பாராமீட்டர் வேறயா இருந்தாலும் பேஸ்ல அந்தப் பேர்ல இருக்குற எல்லா ஓவர்லோடும் மறைஞ்சிடும், திரும்பக் கொண்டு வர யூசிங் போட்டு பேஸ் பேரோட எழுதணும். விபி டாட்நெட்ல ஷேடோஸ் போட்டா பேரே மொத்தமா மறையும், ஓவர்லோட்ஸ் போட்டா அதே சிக்னேச்சர் மட்டும். பைத்தான்ல வேரியபிளுக்கு டைப் கிடையாதுங்கிறதால சைல்டோட மெத்தட்தான் எப்பவும் ஜெயிக்கும், இந்தத் தலைவலியே இல்ல.

சி ஷார்ப்ல மெத்தட் மறையுறது சிக்னேச்சரை வெச்சு, ஆனா ஒரு இடத்துல அது பேரை வெச்சு மறைஞ்ச மாதிரியே நடந்துக்கும். நம்ம நம்பர்பட்டியல்ல முன்னாடி எழுதின ஸ்ட்ரிங் ஆட்டை எடுத்துட்டு, ஆப்ஜெக்ட் டைப் பாராமீட்டரோட ஒரு ஆட் மட்டும் எழுதுங்க, லிஸ்ட்டோட ஸ்ட்ரிங் ஆட் அப்படியே இருக்கட்டும். சிக்னேச்சர் வேற, அதனால மறைப்பு இல்ல, வார்னிங் வராது. இப்ப ப டாட் ஆட்டுக்கு ஒரு ஸ்ட்ரிங் கொடுங்க. ஸ்ட்ரிங்குக்குச் சரியாப் பொருந்துற ஆட் பேஸ் கிளாஸ்ல இருந்தும் ஆப்ஜெக்ட் ஆட்தான் ஓடும், ஏன்னா சைல்டு கிளாஸ்ல பொருந்துற மாதிரி ஒண்ணு கிடைச்சுட்டா கம்பைலர் பேஸ் பக்கம் பார்க்குறதே இல்ல.

படி 7: ஏற்கனவே இருக்குற ப்ராஜெக்ட்ல தேடிப் பிடிக்கிறது

ப்ராஜெக்ட் ஃபைல்ல வார்னிங்ஸ்ஆஸ்எரர்ஸ் டேக்ல சிஎஸ்0108, சிஎஸ்0114 ரெண்டையும் செமிகோலன் போட்டு எழுதிடுங்க, இனிமே புதுசா யாரும் கவனிக்காம மறைக்க முடியாது. அப்புறம் சொல்யூஷன் முழுக்க பப்ளிக் நியூ, ப்ரொடெக்டெட் நியூ, பிரைவேட் நியூன்னு தேடுங்க, நியூவை முன்னாடி எழுதுறவங்களும் இருக்காங்க, நியூ பப்ளிக்னும் ஒரு தடவை தேடிடுங்க. பிரைவேட் நியூ கிடைச்சா அதை முதல்ல பாருங்க, படி 4ல சொன்னது அங்க நடந்துக்கிட்டு இருக்க வாய்ப்பு அதிகம். மத்ததுக்கு பேஸ் டைப் வேரியபிள்ல வெச்சு ஒரு யூனிட் டெஸ்ட் எழுதுங்க, ரெண்டு வழியாவும் ஒரே பதில் வந்தா விட்டுடலாம், வேற பதில் வந்தா அதுதான் சரிபண்ண வேண்டிய இடம்.

மறைச்சது ப்ராப்பர்ட்டியா இருந்து டைப்பும் மாறியிருந்தா ரிஃப்ளெக்‌ஷன் கோடையும் (ஓடுறப்ப பேரை வெச்சு மெம்பரைத் தேடுற கோடு) ஒரு கண் பாருங்க. கெட்ப்ராப்பர்ட்டிக்குப் பேரை மட்டும் கொடுத்தா ரெண்டு ப்ராப்பர்ட்டி கிடைச்சு அம்பிகுவஸ்மேட்ச்எக்செப்ஷன் வரலாம், பைண்டிங்ஃப்ளாக்ஸ்ல பப்ளிக், இன்ஸ்டன்ஸ் கூட டிக்ளேர்டுஒன்லியும் சேர்த்துக் கொடுத்தா சைல்டுல இருக்குறது மட்டும் வரும்.